வெண்கட்டிக் குன்றில் ஒரு வாத்தியார் பெயிலான கதை



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். அரசியல் இல்லை. வண்ணத்துப்பூச்சியைப் பற்றியது. ஆனால் வண்ணத்துப்பூச்சியை மட்டும் பற்றியதும் இல்லை.

நான் 29 வருஷமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்று அந்த வட்டத்தைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் இன்றைக்குக் கேட்டாலும் அதைச் சொல்வார்கள். ஆனால் ஒரு பிள்ளையாவது பாடசாலை வேலியோரம் பறக்கிற ஒரு வண்ணத்துப்பூச்சியைக் காட்டி அதன் பெயரைச் சொல்லுமா? சொல்லாது. ஏனென்றால் சொல்லிக்கொடுக்க வேண்டிய சேருக்கே தெரியாது. இது எனக்கு உறைத்த இடம் நமது ஊர் இல்லை, இங்கிலாந்து.

போன வருஷம் ஆகஸ்ட் விடுமுறையில் மகளைப் பார்க்கப் போனேன். அவளும் மருமகனும் லண்டனுக்குத் தெற்கே சரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். பக்கத்தில் டோர்க்கிங் என்று ஒரு சிறிய நகரம். அதற்கு மேலே நோர்த் டவுன்ஸ் என்ற குன்றுத் தொடர் ஓடுகிறது. "டவுன்" என்றால் கீழே என்றுதான் நானும் நினைத்தேன். பழைய ஆங்கிலத்தில் அது குன்று என்று பொருள்படும் சொல்லாம்.

அந்தக் குன்று முழுக்க வெண்கட்டி. ஆம், நாங்கள் வகுப்பில் எழுதுகிற அதே வெண்கட்டிதான். இப்போது பெட்டியில் வருவது பெரும்பாலும் ஜிப்சம். முந்திய காலத்து வெண்கட்டி இந்த மாதிரிக் கல்லிலிருந்து வந்தது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னர் அந்த இடம் கடலாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து கல்லானது. நடைபாதையில் புல் தேய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். சப்பாத்தில் வெள்ளை ஒட்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற என்னுடைய காற்சட்டை மாதிரி.

டென்பீஸ் ஹில்சைட் என்று அந்தச் சரிவுக்குப் பெயர். நஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பராமரிக்கிறது. தெற்கே பார்த்த சரிவு என்பதால் நாள் முழுக்க வெயில். கீழே திராட்சைத் தோட்டம். மேலே ஏறிப் பாதையைத் தாண்டினால் ரான்மோர் காடு. வெயில் சரிவும் நிழல் காடும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி.

தரம் 3 படிக்கிற பேத்தி கையில் ஒரு படத் தாளோடு வந்தாள். அங்கே 2010 இலிருந்து ஒவ்வொரு கோடையிலும் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடக்கிறது. யாரும் கலந்துகொள்ளலாம். வெயிலான நாளில் ஓரிடத்தில் 15 நிமிஷம் நின்று, கண்ட வண்ணத்துப்பூச்சிகளை இனம் பிரித்து எண்ணி அனுப்ப வேண்டும். "மூத்தாப்பா, நீங்கள் சயன்ஸ் டீச்சர்தானே, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

முதல் ஐந்து நிமிஷத்திலேயே பேத்தி என்னை வென்றுவிட்டாள். செம்மஞ்சளும் கபிலமும் கலந்த ஒன்று பற்றையில் வந்து அமர்ந்தது. நான் தாளைப் பார்த்து "மெடோ பிரவுன்" என்றேன். "இல்லை மூத்தாப்பா, கேட்கீப்பர். கண்ணுக்குள் எத்தனை வெள்ளைப் புள்ளி?" என்றாள். முன் சிறகில் ஒரு கறுப்புக் கண் அடையாளம் இருந்தது. அதற்குள் இரண்டு வெள்ளைப் புள்ளி. மெடோ பிரவுனுக்குப் பெரும்பாலும் ஒன்றுதான். எட்டு வயதுப் பிள்ளை எண்ணிப் பார்த்தது. 29 வருஷ அனுபவம் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது.

பிறகு வந்தது நீலம்.

அந்தச் சரிவு அடோனிஸ் புளூ என்ற வண்ணத்துப்பூச்சிக்குப் பேர்போனது என்று முதல் நாள் இரவே வாசித்து வைத்திருந்தேன். ஆகவே பளிச்சென்ற நீலத்தில் ஒன்றைக் கண்டதும் "இதோ அடோனிஸ் புளூ!" என்று சத்தம் போட்டேன். போனை எடுத்து இரண்டு படமும் பிடித்தேன். அதைப் போட்டு "அரிய வகை" என்று இங்கே ஒரு பதிவும் போட நினைத்திருந்தேன்.

அந்தப் பாதையால் தொப்பி போட்ட ஒரு பெரியவர் மெதுவாக வந்துகொண்டிருந்தார். கழுத்தில் சிறிய தொலைநோக்கி, கையில் ஒரு தாள். என் சத்தத்தைக் கேட்டு நின்றார். சிரித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சிறகின் ஓரத்தைப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. நான் நீலத்தைத்தான் பார்த்தேன்.

அவர் குனிந்து காட்டினார். சிறகைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கரை இருக்கிறது, சாரத்துக்குக் கரை போட்ட மாதிரி. அந்தக் கரை சுத்த வெள்ளையாக இருந்தால் அது கொமன் புளூ. பெயரே சொல்கிறது, எங்கும் காணக்கூடிய சாதாரண இனம். சிறகின் நரம்புகள் கறுப்புக் கோடுகளாக வந்து அந்த வெள்ளைக் கரையை வெட்டிக்கொண்டு போனால் அது அடோனிஸ், அல்லது அதன் உறவான சோக்ஹில் புளூ. சோக்ஹில் என்றாலே வெண்கட்டிக் குன்று. அதன் ஆண் பால் கலந்த மாதிரி வெளிறிய நீலம், ஓரத்தில் அகலமான கருமை. அடோனிஸின் ஆண் அப்படி இல்லை, மழை விட்ட வானம் போலப் பளிச்சென்று இருக்கும்.

என்னுடைய "அரிய வகை"க்கு ஓரம் சுத்த வெள்ளை. கொமன் புளூ.

அந்த இடத்தில் எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? "இதென்ன பெரிய விஷயம், நீலம் நீலம்தானே." வகுப்பில் பிள்ளைகள் மாக்ஸ் குறைந்தால் சொல்கிற அதே நியாயம். இது ஏன் பெரிய விஷயம் என்று பிறகுதான் விளங்கியது. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

கொமன் புளூவின் புழு தின்கிற முக்கியமான செடி பேர்ட்ஸ் ஃபுட் டிரெஃபொயில். மஞ்சள் பூ, பல இடங்களில் முளைக்கும். அடோனிஸும் சோக்ஹில்லும் அப்படி இல்லை. பிரித்தானியாவில் இரண்டுக்கும் ஒரே செடிதான், ஹோர்ஸ்ஷூ வெட்ச். காய் குதிரை லாடங்களைக் கோத்த மாதிரி இருக்கும். அது வெண்கட்டியும் சுண்ணாம்புக்கல்லும் உள்ள மண்ணில்தான் வளரும். அடோனிஸுக்கு அது மட்டும் போதாது. புல் விரல் நீளம்கூட இல்லாமல் கட்டையாக இருக்க வேண்டும். அப்போதுதான் மண்ணில் சூடு இருக்கும். புல்லைக் கட்டையாக வைக்க ஆடு மேய வேண்டும், முயல் கடிக்க வேண்டும். அந்தச் சூட்டு மண்ணில் எறும்பு இருக்க வேண்டும். ஏனென்றால் புழு சுரக்கிற இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைச் சுற்றிக் காவல் நிற்கின்றன.

ஆகவே "அடோனிஸ்" என்று சரியாக ஒரு பெயர் எழுதினால் அதற்குப் பின்னால் வெண்கட்டியும், குதிரை லாடச் செடியும், ஆடும், முயலும், எறும்பும் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. "கொமன் புளூ" என்று எழுதினால் அந்த வரிசை வேறு. பெயர் மாறினால் கதையே மாறும்.

1953 இல் மிக்சோமடோசிஸ் என்ற முயல் நோய் பிரித்தானியாவுக்குள் வந்தது. மிகப் பெரும்பாலான முயல்கள் செத்தன. ஆட்டுப் பட்டிகளும் குன்றுகளை விட்டுக் குறைந்துகொண்டிருந்த காலம் அது. கடிக்க ஆளில்லாமல் புல் உயர்ந்தது. நிலம் குளிர்ந்தது. அடோனிஸ் பல குன்றுகளிலிருந்து இல்லாமல் போனது. பின்னர் மேய்ச்சலைத் திட்டமிட்டுத் திரும்பக் கொண்டு வந்து, முயலும் திரும்பப் பெருகிய பிறகுதான் பல இடங்களில் மீண்டது.

இப்போது யோசியுங்கள். அந்தக் காலத்தில் என்னைப் போல ஒருவர் அந்தக் குன்றுக்குப் பொறுப்பாக இருந்திருந்தால்? ஒவ்வொரு கோடையும் போய், நீலமாகப் பறந்ததையெல்லாம் "அடோனிஸ், நிறைய" என்று எழுதி வைத்திருப்பார். அடோனிஸ் ஒன்று ஒன்றாக அழிந்துகொண்டிருக்கும், கொமன் புளூ பறந்துகொண்டிருக்கும், தாளில் எல்லாம் நலம். ஒரு சிறு கவனக்குறைவு ஓர் அழிவை மறைத்துவிடும். கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. அவசரம் போதும்.

அந்தப் பெரியவர் வாராவாரம் அந்தப் பாதையில் நடக்கிற தொண்டர். 1976 இலிருந்து பிரித்தானியாவில் இந்த முறையில் கணக்கெடுக்கிறார்கள். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் கடைசி வரை 26 வாரம். ஒரே பாதை, ஒரே வேகம். கண்ணுக்கு முன்னால் 5 மீற்றர் அகலத்துக்குள் பறப்பதை மட்டும்தான் எண்ணலாம். வெப்பம் 13 பாகைக்குக் கீழே என்றால் அன்றைக்குக் கணக்கு இல்லை. தெளிவாகக் காணாததை ஊகித்து எழுதுவதும் இல்லை. சம்பளமும் இல்லை. அப்படி ஆயிரக்கணக்கான பேர் நடந்த தாள்களைச் சேர்த்துத்தான் எந்த இனம் கூடுகிறது, எது குறைகிறது என்று அந்த நாட்டால் சொல்ல முடிகிறது.

அவருடைய தாளில் என்னை மிகவும் பிடித்துக்கொண்டது ஒரு வரி. ஸ்மோல் ஸ்கிப்பர், எசெக்ஸ் ஸ்கிப்பர் என்று இரண்டு சின்னஞ்சிறு செம்மஞ்சள் பூச்சிகள் இருக்கின்றன. பறக்கும்போது இரண்டும் ஒன்றுதான். உணர்கொம்பின் நுனியைக் கீழ்ப்புறமாகப் பார்த்தால்தான் பிரிக்கலாம். எசெக்ஸுக்கு நுனி கறுப்பு மையில் தொட்டெடுத்த மாதிரி. ஸ்மோலுக்குச் செம்மஞ்சள். எசெக்ஸ் ஸ்கிப்பருக்கு ஐரோப்பாவில் 1808 இலேயே பெயர் வைத்தாகிவிட்டது. இங்கிலாந்தில் அது இருக்கிறது என்று கண்டுபிடித்ததோ 1889 இல். அத்தனை காலமும் அது அவர்கள் கண்ணுக்கு முன்னால் பறந்துகொண்டிருந்தது. வலை வீசிப் பிடித்துப் பெட்டியில் குத்தி வைப்பதில் பெயர்போன நாடு அது. அங்கேயே இப்படி.

அந்தத் தாளில் அந்த இரண்டுக்கும் சேர்த்து "ஸ்மோல் அல்லது எசெக்ஸ்" என்று எழுதவும் இடம் இருக்கிறது. அதாவது, கொம்பின் நுனியைப் பார்க்க முடியவில்லையா, பரவாயில்லை, பார்க்கவில்லை என்பதையே எழுது. தெரியாது என்பதற்கு மரியாதையான ஓர் இடம். நாங்கள் வினாத்தாளில் வைக்காத இடம் அது. எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டாலும் எதையாவது கீறிவிட்டு வா, வெறுமையாக விடாதே என்றுதானே சொல்லியனுப்புகிறோம்?

அடுத்த கிழமை காட்டுப் பக்கம் போனோம். பேத்தி முன்னால், நான் பின்னால். இந்த முறை வாயை மூடிக்கொண்டு போனேன். மரங்களுக்கிடையில் வெயில் விழுகிற பாதையோரம் பெரிய செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று முட்பற்றைப் பூவில் இருந்தது. மேலே கறுப்புப் புள்ளிகள். தாளில் இந்த மாதிரி இரண்டு படங்கள் இருந்தன, சில்வர் வொஷ்ட் ஃப்ரிட்டிலரி என்று ஒன்று, டார்க் கிரீன் ஃப்ரிட்டிலரி என்று ஒன்று. மேல்பக்கம் பார்த்தால் சகோதரர்கள் மாதிரி. சிறகை மூடும் வரை காத்திருந்தோம். மூடியது. கீழ்ப்பக்கம் பச்சை, அதில் தண்ணீரில் கழுவிவிட்ட மாதிரி வெள்ளிக் கோடுகள். சில்வர் வொஷ்ட். மற்றதற்கு அந்த இடத்தில் தனித்தனி வெள்ளிப் பொட்டுகள் இருக்கும். இது காட்டுக்காரர், அது பெரும்பாலும் வெளிக் குன்றுக்காரர்.

இந்தக் காட்டுக்காரரின் தாய் முட்டையிடுவது புழு தின்கிற வயலட் செடியில் இல்லை. பக்கத்து மரத்தின் பட்டை வெடிப்புக்குள். புழு பொரித்ததும் முட்டை ஓட்டைத் தின்றுவிட்டு அந்த வெடிப்புக்குள்ளேயே பனிக்காலம் முழுக்கத் தூங்குகிறது. வசந்தம் வந்த பிறகுதான் இறங்கிச் செடியைத் தேடிப் போகிறது. ஆகவே "செடியைக் காப்பாற்றினால் போதும்" என்று நினைப்பவர் மரத்தை வெட்டிவிடுவார். "மரத்தைக் காப்பாற்றினால் போதும்" என்று நினைப்பவர் காட்டை இருட்டாக அடைய விட்டு வயலட்டைக் கொன்றுவிடுவார். இரண்டும் வேண்டும், இடையில் வெயிலும் வேண்டும். எந்த இனம் என்று தெரிந்தவருக்குத்தான் இது தெரியும்.

பிழையான அடையாளம் ஓர் இனத்தையே கொண்டுபோன கதையும் அந்த நாட்டில் உண்டு. இது வெண்கட்டிக் குன்றில் நடந்ததில்லை, மேற்கே டெவோன் பக்கம் முடிந்தது. லார்ஜ் புளூ என்று ஒரு வண்ணத்துப்பூச்சி. அதன் புழு முதலில் காட்டுத் தைம் பூவைத் தின்கிறது. பிறகு நிலத்தில் விழுந்து கிடக்கிறது. சிவப்பு எறும்பு வந்து, தன் குஞ்சு என்று ஏமாந்து கூட்டுக்குள் தூக்கிப் போகிறது. உள்ளே போன விருந்தாளி பத்து மாதமளவில் எறும்பின் குஞ்சுகளைத் தின்றே வளர்கிறது. எறும்பு ஓர் அடையாளப் பிழை விட்டது என்று வையுங்கள்.

ஆனால் பெரிய பிழையை விட்டது மனிதன். இந்த இனம் குறைகிறது என்று தெரிந்ததும், வலையோடு வருகிற சேகரிப்பாளர்கள்தான் காரணம் என்று நினைத்து வேலி போட்ட இடங்களும் உண்டு. வேலி ஆடு மாடுகளையும் தடுத்தது. புல் சில சென்ரிமீற்றர் உயர்ந்தது. மண் குளிர்ந்தது. எறும்புகள் அப்போதும் இருந்தன. சிவப்பு எறும்பு, நிறைய. பிறகு ஏன் வண்ணத்துப்பூச்சி குறைகிறது? எவருக்கும் விளங்கவில்லை. ஜெரமி தோமஸ் என்ற ஆய்வாளர் 1970களில் அந்த நிலத்தில் குந்தியிருந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார். சிவப்பு எறும்பு என்று எல்லாரும் ஒரே பெயரில் அழைத்தது ஒன்றல்ல, பல இனங்கள். அதில் மிர்மிக்கா சபுலெட்டி என்ற ஓர் இனத்தின் கூட்டில்தான் இந்தப் புழு ஒழுங்காகத் தப்பிப் பிழைக்கிறது. அந்த எறும்புக்குச் சூட்டு மண் வேண்டும், கட்டைப் புல் வேண்டும். புல் உயர்ந்தபோது அது போய், பார்க்க அதே மாதிரியான வேறோர் இனம் வந்துவிட்டது. காவல் காத்தவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்தார்கள்.

விடை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1979 இல் லார்ஜ் புளூ பிரித்தானியாவில் அழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். பின்னர் சுவீடனிலிருந்து கொண்டு வந்து, எறும்புக்கு ஏற்ற மாதிரி நிலத்தைத் திருத்தி, 1980களில் திரும்ப விட்டார்கள். இன்றைக்குத் தென்மேற்கு இங்கிலாந்தில் மீண்டும் பறக்கிறது. அன்பு இல்லாததால் அது அழியவில்லை. வேலி போட்டவர்களுக்கு அன்பு நிறையவே இருந்தது. அவர்களிடம் இல்லாதது எறும்பின் சரியான பெயர்.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். உடன்படாதவர்கள் எழுதுங்கள்.

ஆதம் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு அல்லாஹ் பெயர்களைக் கற்றுக்கொடுத்தான் என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதே இடத்தில் மலக்குகளிடம் பெயர் கேட்கப்பட்டபோது, நீ கற்றுத்தந்ததைத் தவிர எங்களுக்கு எதுவும் தெரியாது என்று அவர்கள் சொன்னதையும் படித்திருக்கிறோம். ஒன்று பெயரை அறிவது. மற்றது தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை நான் 29 வருஷம் கவனிக்கவில்லை. அந்தக் குன்றில் இருந்துதான் கவனித்தேன். நான் மௌலவி இல்லை, விளக்கம் சொல்லவில்லை. ஒரு வாத்தியாருக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

நாங்கள் பிள்ளைகளுக்குப் பாடத்தைப் படிப்பிக்கிறோம், பார்க்கப் படிப்பிப்பதில்லை. நிறைவுடலி என்ற சொல் தெரியும், வேலியில் இருப்பது எந்த நிறைவுடலி என்று தெரியாது. போனில் படம் பிடித்தால் ஒரு செயலி பெயர் சொல்லும் என்பார்கள். சொல்லும்தான். அந்தப் பெரியவரிடமும் போன் இருந்தது. "இது தருவது ஓர் ஊகம், ஓரத்தைப் பார்க்க வேண்டியது நான்" என்றார். ஊகத்தைச் சரிபார்க்கத் தெரியாதவன் கையில் எந்தக் கருவி இருந்தும் என்ன?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தூரத்தில் நின்று, ஒரு நிறத்தைப் பார்த்து, ஓர் உடுப்பைப் பார்த்து, "இவர்கள் எல்லாம் ஒன்று" என்று பெயர் வைத்தால் அது எப்படி நோகும் என்று 2019 க்குப் பிறகு எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் நாங்கள் அதையே செய்வதில்லையா? பக்கத்து ஊரை, அடுத்த ஜமாஅத்தை, மற்றச் சமூகத்தை, ஒரு வட்ஸ்அப் செய்தியை வைத்துக்கொண்டு? ஓரத்தைப் பார்த்தீர்களா என்று எங்களிடமும் யாராவது கேட்க வேண்டும்.

"சேர், இது ஸ்கொலர்ஷிப்புக்கு வருமா?" என்று கேட்கிற பெற்றோரை எனக்குத் தெரியும். வராது. ஆனால் இரண்டு விடைகள் ஒரே மாதிரி இருக்கும்போது எங்கே வித்தியாசம் என்று நின்று பார்க்கிற பிள்ளைக்குக் கணிதமும் வரும், மொழியும் வரும். "வெள்ளைக்காரனுக்கு வேலையில்லை, பூச்சி எண்ணுகிறான்" என்று சொல்கிறவர்களையும் தெரியும். நானும் போன வருஷம் வரைக்கும் அந்தக் கட்சிதான். அவர்களிடம் இருக்கிற இனங்கள் ஏறத்தாழ 60. எங்கள் சின்னத் தீவில் 240 க்கு மேல். நாலு மடங்கு செல்வத்தை வைத்துக்கொண்டு ஒன்றின் பெயரும் தெரியாமல் இருப்பது பெருமையா?

திரும்பி வர இரண்டு நாளுக்கு முன், ஆகஸ்ட் கடைசியில், திரும்பவும் அந்தச் சரிவுக்குப் போனோம். நல்ல வெயில். கட்டைப் புல்லில் ஒரு நீலம் வந்து அமர்ந்தது. நான் பேசவில்லை. பேத்தியும் பேசவில்லை. இரண்டு பேரும் முழங்காலில் நின்றோம். வெள்ளைக் கரை. அதை வெட்டிக்கொண்டு கறுப்புக் கோடுகள். பளிச்சென்ற வானத்து நீலம். "எழுதட்டுமா?" என்று கேட்டாள். "எழுது" என்றேன். வாழ்க்கையில் எழுதிய மிகச் சரியான விடைகளில் ஒன்று.

ஊருக்கு வந்த பிறகு ஒரு காரியம் தொடங்கினேன். தரம் 6 பிள்ளைகளிடம் ஆளுக்கொரு 40 பக்கக் கொப்பி. வெள்ளிக்கு முந்தின நாள் கடைசிப் பாடவேளையில் வேலியோரம் 15 நிமிஷம். பிடிக்கக் கூடாது, துரத்தக் கூடாது. கண்டதை வரைய வேண்டும், மேல்பக்கம், கீழ்ப்பக்கம், ஓரம், எந்தச் செடியில் இருந்தது. பெயர் தெரிந்தால் எழுதலாம். தெரியாவிட்டால் "தெரியாது" என்று எழுதினால் முழுப் புள்ளி. ஊகித்துப் பிழையாக எழுதினால்தான் புள்ளி குறைப்பேன். முதல் கிழமை பிள்ளைகள் நம்பவில்லை. இப்போது "தெரியாது" என்று எழுதி அதற்குப் பக்கத்தில் ஐந்து அடையாளம் எழுதுகிறார்கள். அந்த ஐந்தை வைத்துக்கொண்டு நானும் அவர்களோடு சேர்ந்து தேடுகிறேன்.

என் வீட்டுப் பயற்றங்கொடியில் ஒரு சின்ன நீலம் வருகிறது. பின் சிறகில் மயிர் மாதிரி வால், வாலடியில் இரண்டு கறுப்புக் கண். கொப்பியில் இரண்டு நாள் "வாலுள்ள நீலம், பெயர் உறுதியில்லை" என்று எழுதினேன். நமது நாட்டில் வாலுள்ள நீலங்கள் பல இருக்கின்றன. மூன்றாம் நாள் காலையில் சிறகை மூடிக்கொண்டு இருந்தது. கீழ்ப்பக்கம் மணலில் அலை போன கபிலக் கோடுகள், பின் சிறகின் ஓரப்பக்கம் அகலமான வெள்ளைப் பட்டி. பட்டாணி நீலம். லம்பிடெஸ் போயட்டிகஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர்.

புத்தகத்தைப் புரட்டியபோது ஒன்று கண்டேன். இதே இனம் ஐரோப்பாவிலிருந்து கடல் தாண்டிச் சில வருஷங்களில் தெற்கு இங்கிலாந்துக்கும் போகிறது. அங்கே லோங் டெய்ல்ட் புளூ என்று பெயர். 2013 இல் வழமையை விடக் கூடுதலாக வந்தபோது அதைப் பார்க்க ஆட்கள் தூர இடங்களிலிருந்து காரில் போனார்களாம். என் பயற்றங்கொடியில் அது தினமும் வந்து போகிறது. படத்தைப் பேத்திக்கு அனுப்பினேன். பெயரை எழுதவில்லை. கீழ்ப்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லு என்று மட்டும் எழுதினேன்.

பெற்றோர்களே, சக ஆசிரியர்களே, நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. இந்தக் கிழமை உங்கள் வீட்டு வளவில் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பிள்ளையோடு சேர்ந்து, சிறகை மூடும் வரை நின்று பாருங்கள். என்ன அடையாளம் கண்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். அதற்கும் முழுப் புள்ளி.